மஞ்சள் விளக்கு எரிந்ததும் வருபவர்

கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைன் மெதுவாகத்தான் நகரும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். அதன் ஓரத்தில் நின்று வேலை செய்பவருக்கோ அது பொல்லாத வேகம். ஏறக்குறைய 60 நொடிக்கு ஒரு கார் அவர் முன்னால் வந்து போகிறது. அதற்குள் நாலு போல்ட்டை முடுக்க வேண்டும், ஒரு வயர் கட்டைச் செருக வேண்டும், ரப்பர் பட்டையை அழுத்திவிட வேண்டும். திடீரென்று ஒரு போல்ட் மரையில் ஏறாமல் சிக்கிக்கொள்கிறது. இருபது நொடி போய்விட்டது. அடுத்த கார் வந்துகொண்டிருக்கிறது. அவர் என்ன செய்வார்?

டொயோட்டா ஆலையாக இருந்தால் தலைக்கு மேலே ஓடும் கயிற்றை இழுப்பார். உடனே ஒரு மெட்டு ஒலிக்கும். உயரத்தில் தொங்கும் பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் மஞ்சளாக எரியும். அந்தக் கணமே லைன் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நிற்காது, கார் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். தரையில் குறித்து வைத்த ஓர் எல்லையை அது எட்டும் வரை அவகாசம் உண்டு. அதற்குள் டீம் லீடர் வந்து சிக்கலைத் தீர்த்துவிட்டால் மறுபடி ஒருமுறை கயிற்றை இழுப்பார்கள். விளக்கு அணையும், லைன் தன் போக்கில் போகும். தீராவிட்டால் கார் எல்லையைத் தொட்டதும் விளக்கு சிவப்பாகும், லைன் நிற்கும். எல்லாரும் தத்தம் வேலையை முடித்த இடத்தில்தான் அது நிற்கும்படி அமைத்திருப்பதால், அங்கே யாருடைய வேலையும் பாதியில் அறுபடுவதில்லை.

கயிற்றை எந்த ஆலையும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். பிற்காலத்தில் சில இடங்களில் டொயோட்டாவே கயிற்றை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தது. என்னை வியக்க வைப்பது வேறு: மெட்டு கேட்ட சில நொடிகளில் ஒரு மனிதர் அங்கே வந்து நிற்கிறாரே, அது எப்படி நடக்கிறது? அவர் வேறு வேலையில் இருந்திருந்தால்? அதே நேரத்தில் இன்னொருவரும் கயிற்றை இழுத்திருந்தால்?

இதற்கு விடை தேட 1909-ஆம் ஆண்டின் கோபன்ஹேகனுக்குப் போக வேண்டும். அக்னர் எர்லாங் என்ற கணித அறிஞர் அங்கே தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தார். எப்போது எத்தனை பேர் அழைப்பார்கள் என்று சொல்ல முடியாத நிலையில் எத்தனை ஆப்பரேட்டர்களை உட்கார வைப்பது என்பது அவர் முன் இருந்த கேள்வி. தற்செயலாக வந்து சேரும் அழைப்புகளைக் கணக்கில் பிடிக்க அவர் தொடங்கிய வழிதான் இன்று வரிசைக் கோட்பாடு என்று வளர்ந்திருக்கிறது. அதன் மிக எளிய சூத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதவ ஒரே ஒருவர். அழைப்புகளும் அவற்றைத் தீர்க்க ஆகும் நேரமும் சீராக இல்லாமல் ஏறியிறங்குகின்றன. உதவுபவருக்குப் பாதி நேரம் மட்டுமே வேலை இருந்தால், அழைத்தவர் சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருக்க வேண்டும். உதவுபவருக்கு 80 சதவீத நேரம் வேலை இருந்தால் காத்திருப்பு நான்கு மடங்காகும். 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. ஐந்தாறு பேர் மட்டுமே அழைக்கும் சிறு குழுவில் எண்கள் இவ்வளவு பயங்கரமாக ஏறுவதில்லை. ஆனால் போக்கு அதேதான். கடைசிச் சொட்டு நேரத்தையும் பிழிந்துவிட்டால் காத்திருப்பு தாறுமாறாகப் பெருகும்.

இப்போது டீம் லீடரைப் பாருங்கள். அவருக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் வரை. லைனில் அவருக்கென்று நிலையான இடம் கிடையாது. யாராவது வராத நாளில் அவரே அங்கே போய் நிற்பதுண்டு. அன்றைக்கு மஞ்சள் விளக்குகள் சற்று அதிக நேரம் எரியும். மற்ற நாளில் பொருள் வந்துவிட்டதா என்று பார்ப்பார், புதியவருக்குக் கற்றுத் தருவார், நேற்றைய பிழைக்குக் காரணம் தேடுவார். செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது ஒரு வீண் சம்பளம். ஒரு லீடருக்கு இருபத்தைந்து பேர் என்று வைத்தால் நாலு சம்பளம் மிச்சமாகுமே என்று அவர் கேட்பார். எர்லாங்கின் கணக்கு அவருக்குப் பதில் சொல்லும்: அந்த நாலு சம்பளத்தை மிச்சம் பிடித்தால் உதவி கிடைக்கும் நேரம் 60 நொடியைத் தாண்டிவிடும். தாண்டியதும் கயிற்றுக்கு அர்த்தம் போய்விடும். பிழையான கார் அடுத்த இடத்துக்குப் போகும், அங்கிருந்து அடுத்த இடத்துக்கு, கடைசியில் பிழை திருத்தும் ரீவொர்க் கொட்டகைக்கு.

தொழிற்சாலைத் தலைமை என்றால் உரத்த குரலும் கண்டிப்பும் என்று நினைத்திருப்போம். அதன் முதல் படியே, அழைத்தால் வருவதற்கென்று ஒருவருடைய நேரத்தை ஒதுக்கி வைப்பதுதான்.

இந்த இடத்துக்கு வந்துசேர உலகம் நீண்ட வழி நடந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஃபோர்மேன் என்பவர் ஒரு குட்டி ராஜா. வேலைக்கு எடுப்பதும் அவர், அனுப்புவதும் அவர், கூலியை முடிவு செய்வதும் பெரும்பாலும் அவர். ஹென்றி ஃபோர்டு 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் லைனைக் கொண்டுவந்தபோது, அந்த ஒரே ஆண்டில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 370 சதவீதம். நூறு பேர் நிற்க வேண்டிய இடத்தை நிரப்ப ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் அறிவித்த ஐந்து டாலர் நாள்கூலி புகழ்பெற்றது. அந்தக் கூலி உயர்வு ஆட்களை வேலையில் தக்கவைத்தது. வேலை கற்றுத்தர ஆள் வேண்டும் என்ற குறை அப்படியே இருந்தது.

அந்தக் குறையை நேராகப் பார்க்க வைத்தது இரண்டாம் உலகப் போர். 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. ஆலைக்குள்ளேயே சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி: எப்படிக் கற்பிப்பது, எப்படி வேலை முறையைத் திருத்துவது, எப்படி ஆட்களோடு பழகுவது. 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகள், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட சூப்பர்வைசர்கள். அதில் ஒரு செய்முறை இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மின்விளக்கு ஹோல்டருக்குள் வயர் உருவி வராமலிருக்க ஒரு முடிச்சுப் போடுவார்கள். பயிற்சியாளர் ஒருவரைக் கூப்பிட்டு அந்த முடிச்சை வாயால் மட்டும் விளக்குவார். கேட்டவரால் போட முடியாது. அடுத்தவரை அழைத்து எதுவும் பேசாமல் போட்டு மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. பிறகு மூன்றாமவர். முதலில் அவருடைய தயக்கத்தைப் போக்குவார். ஒவ்வொரு படியையும் செய்துகாட்டி, எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்வார். பிறகு அவரையே போடச் சொல்லி, போட்டுக்கொண்டே காரணத்தையும் சொல்லச் சொல்வார். கடைசியில் தனியாக விட்டுவிட்டு அவ்வப்போது வந்து பார்ப்பார். முடிச்சு விழுந்துவிடும். கூடியிருக்கும் சூப்பர்வைசர்களுக்குச் சட்டென்று உறைக்கும்: முதல் இருவரும் மக்குகள் இல்லை. சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் கோளாறு.

போர் முடிந்ததும் அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் இதை மறந்தன. ஜப்பானை ஆண்ட நேச நாட்டு நிர்வாகம் இதை அங்கே எடுத்துச் சென்றது. 1950-களின் தொடக்கத்தில் டொயோட்டா இதைப் பற்றிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே இதற்கு ஏற்ற மண் இருந்தது. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியை 1924-இல் முழுமைப்படுத்திய சாகிச்சி டொயோடாவின் குடும்பம் தொடங்கிய நிறுவனம் அது. பிழை வந்தால் இயந்திரம் நிற்க வேண்டும் என்ற எண்ணம் தறியிலிருந்து கார் லைனுக்கு வந்தது. நின்ற இயந்திரத்தின் அருகே வருகிறவருக்குக் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்துகொண்டது.

இவையெல்லாம் ஜப்பானியருக்கே உரிய குணம் என்று அமெரிக்காவில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை உடைத்தது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்.

ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே நடத்திய ஆலை 1982-இல் மூடப்பட்டது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார்; சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை; அறிவிக்காத வேலைநிறுத்தங்கள்; தரமோ அந்த நிறுவனத்திலேயே மிக மோசம் என்ற பெயர். 1984-இல் அதே கட்டடத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து ‘நும்மி’ என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவுக்கு. எடுத்த சுமார் 2,200 தொழிலாளர்களில் 85 சதவீதம் பேர் மூடிய ஆலையில் இருந்த அதே ஆட்கள். சங்கமும் அதே சங்கம். சங்கத் தலைவர்களும் பெரும்பாலும் அவர்களே.

லைன் ஓடுவதற்கு முன்பே நிறுவனம் ஒன்று செய்தது. ஏறக்குறைய 450 டீம் லீடர்களையும் குரூப் லீடர்களையும் ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பி மூன்று வாரம் பயிற்சி கொடுத்தது. 2,200 பேருக்கு 450 லீடர்கள், அதாவது ஐவருக்கு ஒருவர் என்ற கணக்கு. அவர்கள் அங்கே ஜப்பானியத் தொழிலாளிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். கயிறு இழுத்தால் யாரும் திட்டாததைக் கண்ணால் பார்த்தார்கள்.

ஃப்ரீமாண்ட் திரும்பிய பிறகு நடந்த மாற்றங்களில் முக்கியமானதாக நான் நினைப்பது, ஸ்டாப்வாட்ச் கை மாறியது. பழைய ஆலையில் 80 தொழிற்பொறியாளர்கள் இருந்தார்கள். எந்த வேலையை எத்தனை நொடியில் முடிக்க வேண்டும் என்று அவர்கள் குறித்துத் தருவார்கள், அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லை. தொழிலாளி அந்தத் தாளை மதிக்கவில்லை. நும்மியில் டீமே கடிகாரத்தை எடுத்து ஒருவர் வேலையை ஒருவர் அளந்தது. பாதுகாப்பான, தரமான, வேகமான வழி எது என்று பார்த்து அதை எழுதி வைத்தது. அடுத்த ஷிப்டில் அதே இடத்தில் நிற்கும் டீமோடு ஒப்பிட்டுத் திருத்தியது. எண்பதுக்கும் மேலாகப் பிரிந்து கிடந்த பணிப் பிரிவுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கின. எனவே ஒருவர் டீமுக்குள் பல வேலைகளைக் கற்க முடிந்தது. 1986-க்குள் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற எந்த ஆலையையும்விட நும்மியின் உற்பத்தித் திறன் அதிகம். பழைய ஃப்ரீமாண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலைக்கு வராதவர்கள் மூன்று நான்கு சதவீதமாகக் குறைந்தார்கள். 1988-இல் விற்பனை சரிந்து ஆலை தன் திறனில் 60 சதவீதம்கூட ஓடாதபோது யாரையும் அனுப்பவில்லை. மிச்சப்பட்ட நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். ஆட்குறைப்பு செய்வதில்லை என்று நிறுவனம் கொடுத்திருந்த வாக்குக் காப்பாற்றப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் தன் வேலையிலிருந்து ஐந்து நொடியைக் குறைக்கும் வழியை ஒரு தொழிலாளி மனசார சொல்வார். அந்த ஐந்து நொடி நாளைக்குத் தன் வேலையையே தின்றுவிடும் என்ற பயம் இருந்தால் வாயைத் திறக்கமாட்டார்.

இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேறு ஆலைகளுக்குக் கொண்டுபோக முயன்றபோது வெற்றி எளிதில் வரவில்லை. தெற்குக் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை 1992-இல் மூடப்பட்டது. நும்மியும் 2010-இல் நின்றுபோனது. இன்று அந்தக் கட்டடத்தில் டெஸ்லா கார் செய்கிறது.

கயிற்றடியில் நிற்கும் டீம் லீடர் மேலே ஏறினால் என்ன ஆகிறார்? இங்கேதான் எலியட் ஜாக்ஸ் உதவுகிறார். கனடாவில் பிறந்த இந்த உளவியலாளர் 1948 முதல் லண்டனின் கிளேசியர் மெட்டல் என்ற பேரிங் ஆலையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். தொழிலாளர் பிரதிநிதிகளோடு சம்பளம் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் கவனத்துக்கு வந்தது: கீழே இருப்பவரின் ஊதியத்தை மணிக் கணக்கில் சொல்கிறோம், மேலே போகப் போக அது வாரம், மாதம், ஆண்டு என்று மாறுகிறது. இது வெறும் வழக்கமா, வேலையின் இயல்பைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? அவர் ஒவ்வொரு பணியையும் ஒரே ஓர் அளவால் அளந்தார். இந்த வேலையில் இருப்பவர் எடுக்கும் முடிவு சரியா தவறா என்று தெரிய அதிகபட்சம் எவ்வளவு காலம் ஆகும்? கடைநிலையில் ஒரு நாள் முதல் மூன்று மாதம். அடுத்து ஓர் ஆண்டு வரை. அடுத்து இரண்டு, பிறகு ஐந்து, பிறகு பத்து ஆண்டுகள். பெயர்ப்பலகையில் என்ன பதவி எழுதியிருந்தாலும் பொறுப்பின் உண்மையான உயரம் அந்தக் கால நீளம்தான் என்றார்.

நம் ஊர் ஆலையில் வைத்துப் பார்த்தால் இது துல்லியமாகப் புரியும். லைன் லீடரின் கண் இந்த 60 நொடியிலிருந்து ஷிப்ட் முடியும் மணி வரை பார்க்கிறது. ஷிப்ட் இன்சார்ஜ் இந்த வாரத்தைப் பார்க்கிறார்: யார் லீவு, எந்த மெஷினுக்குப் பராமரிப்பு, எந்த சப்ளையரின் பொருள் வரவில்லை. புரொடக்‌ஷன் மானேஜருக்கு மாதங்களும் ஓர் ஆண்டும். யாரை எந்த மெஷினில் பழக்குவது, எந்த டை (அச்சு) தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அவர் இன்றைக்கு எடுக்கும் முடிவின் பலன் அடுத்த ஆண்டு ரிஜெக்‌ஷன் கணக்கில் தெரியும். பிளான்ட் ஹெட் இன்னும் வராத மாடலுக்கு இன்றே இடம் ஒதுக்க வேண்டும். இப்போது ஆப்பரேட்டராக நிற்பவர்களில் பத்து ஆண்டு கழித்து யார் இன்சார்ஜ் ஆவார்கள் என்பதையும் அவர்தான் யோசிக்க வேண்டும்.

பதவி உயர்வில் திறமைசாலிகள் தடுமாறுவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. முப்பது நொடியில் சிக்கலைத் தீர்த்து, அந்த நொடியிலேயே பலனைப் பார்த்துப் பழகியவரை, எட்டு மாதம் கழித்துப் பலன் தரும் வேலையில் உட்கார வைக்கிறோம். அவருக்குக் கை பரபரக்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் மானேஜரே ஓடுகிறார். எல்லாரும் அவரைப் பாராட்டுகிறார்கள். லைன் லீடர் கற்றுக்கொள்ள வேண்டிய சிக்கல் அவர் கைக்கு வராமலே போகிறது. தேயும் டை தேய்ந்துகொண்டே இருக்கிறது. விற்பனைத் துறையில் இதை எண்களோடு காட்டியிருக்கிறார்கள்: 131 அமெரிக்க நிறுவனங்களின் விற்பனையாளர்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், நிறைய விற்றவர்களுக்கே மேலாளர் பதவி அதிகம் கிடைத்தது; ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை சரிந்தது. ஆலைகளில் நிலைமை பெரிதும் வேறாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. நிறைய பீஸ் போடுபவரையும் மற்றவருக்குப் பொறுமையாகச் சொல்லித் தருபவரையும் தனித்தனியே கவனித்துப் பார்க்கும் ஆலைகள் குறைவு.

ஜாக்ஸின் ஒரு கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் எவ்வளவு தூரம் முன்னோக்கி யோசிக்க முடியும் என்பது வயதோடு ஒரு தடத்திலேயே வளரும், அந்தத் தடத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்று அவர் நம்பினார். அப்படியானால் ஃப்ரீமாண்டில் பொறுப்பற்றவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள், இரண்டே ஆண்டில் தங்கள் வேலை முறையைத் தாங்களே எழுதித் திருத்தியது எப்படி?

இதற்கு எதிர்ச்சான்றாக இன்னொருவரும் நிற்கிறார். மிட்சுரு கவாய் பள்ளியின் நடுநிலைப் படிப்போடு டொயோட்டாவின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர். 1966-இல் நிறுவனத்துக்குள் வந்து, செந்தணலாய்க் காய்ந்த இரும்பை அடித்து உருக்கொடுக்கும் ஃபோர்ஜிங் பிரிவில் வேலை தொடங்கினார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. குழு, பிரிவு, ஆலை என்று ஒவ்வொரு படியாக ஏறி 2017-இல் டொயோட்டாவின் செயல் துணைத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வருவதற்கு முன்பே அவர் செய்த ஒரு காரியம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. தானியங்கி இயந்திரங்கள் கிராங்க்‌ஷாஃப்ட்டை அடித்துத் தள்ளும் ஆலையில், இளம் தொழிலாளிகள் அதைக் கையால் அடித்துச் செய்யும் இடத்தை ஏற்படுத்தினார். பொத்தானை மட்டும் அழுத்தி வளர்ந்தவருக்கு இரும்பு எப்போது இளகும், எங்கே வீணாகும் என்று தெரியாது. தெரியாதவரால் இயந்திரத்தை மேம்படுத்த முடியாது என்பது அவர் வாதம். கையால் கற்றவர்கள் பிறகு லைனைச் சுருக்கினார்கள், வீணாகும் இரும்பைக் குறைத்தார்கள். இன்றைய கைவேலையின் பலன் அடுத்த பத்தாண்டின் இயந்திரத்தில் வரும் என்று பார்த்தவர், அறுபது நொடியை அறிந்த ஃபோர்ஜிங் தொழிலாளிதான்.

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாறு அந்நியமில்லை. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998-இல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2002-இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளில் மஞ்சள் விளக்கும் காலை நேரப் பத்து நிமிடக் கூட்டமும் இன்று சாதாரணம். ஆனால் பல இடங்களில் ஐடிஐ முடித்தவருக்கு ஒரு ஏணி, டிப்ளமோவுக்கு இன்னொன்று, பி.இ.க்கு வேறொன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வழியில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏணியே கிடையாது. வேலை கைக்குப் பழகி வரும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விடுவார். அவருக்குக் கற்றுக்கொடுத்த லைன் லீடர் அடுத்தவருக்கு முதலிலிருந்து தொடங்குவார். இதை ஒரு நிர்வாகச் சிக்கனம் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கற்பிக்கும் நேரம்தான் ஆலையில் மிக விலையுயர்ந்த சரக்கு. அது இங்கே ஆண்டுதோறும் கொட்டிப் போகிறது.

ஆலை வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் இளைஞர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்வேன். உங்கள் லைன் லீடருக்குக் கீழே எத்தனை பேர்? லைனில் அவருக்கென்று நிலையான வேலை உண்டா, கையைக் காலியாக வைத்திருக்கிறாரா? இப்போது ஷிப்ட் இன்சார்ஜாக இருப்பவர்களில் எத்தனை பேர் இதே ஆலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர்கள்? சம்பளத்தைக் கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் பெயராகச் சொல்ல முடிந்த ஆலையில் சேருங்கள்.